பழுப்பு நிறம், ஆண், ஒன்று

மார்ச் 4

அக்கா,

இல்ல, பார்க்கல. பின்னாடி போகல, குனியல, வாலைத் தூக்கல, எதையும் பார்க்கல. அதைத்தானே கேட்டிருக்க? ‘கழுதை குட்டி போட்டுடுச்சு’ன்னு நான் அனுப்பின அட்டைக்கு நீ ஒரு பக்கமாவது திட்டி எழுதுவன்னு பார்த்தா, ‘பார்த்தாயா, இல்லையா?’ன்னு ஒரே வரி. அதுக்குக் கீழ டாக்டர் கையெழுத்து வேற. தம்பிக்கு எழுதறியா, மாட்டுக்கு மருந்துச் சீட்டு எழுதறியா?

ஏன் பார்க்கலைன்னா, அது உதைச்சுது. விலங்கு வதைத் தடுப்பு ஆபீஸ்ல நான் சேர்ந்து மூணாவது நாள் அது. செங்கல் சூளை வாசல்ல கழுதை நிக்குது. தூக்கக்கூடியதைப் போல ரெண்டு மடங்கு கல்லு முதுகுல. தோல் உரிஞ்சு ஈ மொய்க்குது. ஆய்வாளர் ஐயா ஜீப்பை விட்டு இறங்காமலே, “மகஜர் எழுதிக்கோடா”ங்கறார். பறிமுதல் பண்ற பொருள் என்ன ஏதுன்னு எழுதற காகிதத்துக்கு மகஜர்னு பேராம், எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். நிறம்னு ஒரு கட்டம். பழுப்புன்னு எழுதினேன். எண்ணிக்கைன்னு ஒரு கட்டம். ஒன்று. நடுவுல பாலினம். நான் நின்ன இடத்துலருந்து முகம்தான் தெரிஞ்சுது. எங்க காலேஜ் கணக்கு வாத்தியார் முகம் அப்படியே. ஆண்னு எழுதிட்டேன். முடிஞ்சுது.

அப்புறம் ரெண்டு மாசமா ஆபீஸ் கொட்டகைலதான் இருக்கு. வழக்கு முடியற வரைக்கும் அது வழக்குச் சொத்து, நாமதான் காப்பாத்தணும். வழக்கு எண் நாப்பத்தொண்ணு, அதனால பேரும் நாப்பத்தொண்ணு. நாளுக்கு நாள் வயிறு பெருத்துது. ஆய்வாளருக்கு ஒரே பெருமை. “நம்ம பராமரிப்பு அப்படி”ன்னு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து, ‘எலும்பும் தோலுமாக வந்த விலங்கு அரசுக் கவனிப்பில் கொழுகொழுவென ஆனது’ன்னு தலைமை அலுவலகத்துக்கே அனுப்பினார். போன வாரம் ஒரு நாள் காலைல தண்ணி வாளியோட போறேன், கொட்டகைல எட்டுக் காலு நிக்குது. ஆய்வாளரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, குட்டியைக் காட்டி, “இது யாரு?”ன்னார்.

சிரிக்காத. வர்ற 27-ம் தேதி வாய்தா. விஷயம் செங்கல்காரரோட வக்கீலுக்குப் போயிடுச்சு. ‘என் கட்சிக்காரர்கிட்ட இருந்தது பெண் கழுதை. இவங்க ஆண்னு எழுதியிருக்காங்க. அப்போ மகஜரே பொய், காயமும் பொய், வழக்கைத் தள்ளுபடி பண்ணி கழுதையைத் திருப்பிக் கொடுங்க’ன்னு கேக்கப் போறாராம்.

இன்னொண்ணு. நீ கொடுத்த மருத்துவச் சான்றிதழ்லயும் ஆண்னுதான் இருக்கு. ஞாபகம் இருக்கா?

தம்பி


மார்ச் 9

டேய்,

ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறாய். இந்த மலை மேல் ஆட்டுப் பண்ணையில் போன் எடுக்காது, பேச ஆள் கிடையாது. இருப்பதெல்லாம் முந்நூறு ஆடும் என் ஞாபகமும்தான்.

மாற்றலாகி இங்கே கிளம்பிய நாள். பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நீ மகஜரையும் நான்கு போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாய். ஐந்து மணிக்குள் சான்றிதழ் போகவில்லை என்றால் ஆய்வாளர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றாய். படிப்பை விட்ட பிறகு ஒரே வருடத்தில் உனக்கு அது நான்காவது வேலை. முதுகுப் புண்ணைப் போட்டோவில் பார்த்தேன், எழுதினேன். குளம்பைப் பார்த்தேன், எழுதினேன். பாலினத்தை உன் மகஜரைப் பார்த்து எழுதினேன். கடைசி வரி அச்சிட்டே இருந்தது: ‘நேரில் பரிசோதித்துச் சான்றளிக்கிறேன்.’ பெட்டி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வருடத்தில் பார்க்காமல் போட்டது அந்த ஒன்றுதான். அதுவும் போய் இப்படிக் குட்டி போட்டிருக்கிறது.

அது வெளியே வந்தால் என் பதிவை ரத்து செய்வார்கள். பிறகு நான் ஆட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் வாங்கித்தான் பார்க்க வேண்டும். ஆகவே நீ எந்தக் காகிதத்தையும் தொடாதே. எதையும் திருத்தாதே. யாராவது கேட்டால் நான் புதுசு, எனக்குத் தெரியாது என்று சொல். அது ஒன்றாவது உண்மையாக இருக்கும்.

குட்டி எழுந்து நிற்கிறதா? சீம்பால் குடித்ததா? தொப்புளில் அயோடின் வைத்தார்களா? உங்கள் ஆபீசில் யாருக்கும் தோன்றியிருக்காது. உடனே வை. அதை மட்டும் விவரமாக எழுது.

அக்கா


மார்ச் 13

அக்கா,

நிக்குது, குடிக்குது, ஓடுது, என் செருப்பைக் கடிக்குது. அயோடின் உன் லெட்டர் வந்த அன்னிக்குத்தான் வெச்சேன். லேட்டுன்னு திட்டாத, தொப்புள் நல்லாக் காய்ஞ்சிருக்கு. தாய்க்காரி இப்போ என்னைக் கிட்ட விடறா. பின்பக்கம்கூட. கொஞ்சம் சீக்கிரம் விட்டிருக்கலாம்.

ஆபீஸ் கூத்தைக் கேளு. தீவன அனுமதி ஒரு கழுதைக்குத்தான். பால் கொடுக்கற கழுதை ரெண்டு பங்கு தின்னுதேன்னு கூடக் கேட்டு எழுதினா, மேலிடத்துலருந்து, ‘வழக்குச் சொத்தின் எண்ணிக்கை எவ்வாறு உயர்ந்தது? மூன்று பிரதிகளில் விளக்கவும்’னு வந்துச்சு. நான் ‘இயற்கையாக’ன்னு எழுதி மூணு பிரதி அனுப்பினேன். ‘ஆதாரம் இணைக்கவும்’னு திருப்பி அனுப்பிட்டாங்க. என்னத்தை இணைக்க? குட்டியையா?

தலைமை எழுத்தர் ஒரு யோசனை சொன்னார். குட்டியை, கேட்பாரற்றுத் திரிஞ்ச விலங்குன்னு தனியாப் பதிஞ்சுடலாமாம். “எங்கே திரிஞ்சுதுன்னு எழுதறது சார்?”னு கேட்டேன். “உள்ளே”ன்னார். ஆய்வாளருக்கு வேற யோசனை. கழுதையை வெளில காட்டாம இருந்தா போதும், ஆண் ஆணாவே இருந்துட்டுப் போகட்டும்கறார்.

முந்தாநேத்து செங்கல்காரரே கொட்டகைக்கு வந்துட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கழுதையை மேலயும் கீழயும் பார்த்தார்.

“நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க தம்பி. உடம்பு ஏறியிருக்கு. இப்போ இன்னும் அம்பது கல்லு சேர்த்துத் தூக்கும்.”

“அண்ணே, அது பால் கொடுக்குது.”

“வாயாலயா கொடுக்குது? முதுகு சும்மாத்தானே இருக்கு?”

சட்டையைப் பிடிச்சிருப்பேன். நடுவுல வேலி. ஆபீசுக்குள்ள போய், மேஜைக்குக் கால் உயரம் பத்தலைன்னு முட்டுக் கொடுத்திருந்தாங்களே சட்டப் புஸ்தகம், அதை உருவினேன். மேஜை சாஞ்சுது, தலைமை எழுத்தர் டீ கொட்டிச்சு, அதை விடு. காலேஜ்ல மூணு வருஷம் எந்தப் புஸ்தகத்தையும் தொடாதவன் உக்காந்து முழுசாப் படிச்சேன். ஒரு பிரிவு இருக்கு, எழுதிக்கோ: பால் கொடுக்கற விலங்கு மேல சுமை ஏத்தக்கூடாது. பால் மறக்காத குட்டியைத் தாய்கிட்டயிருந்து பிரிக்கக்கூடாது. அப்படி நடக்கும்னு தெரிஞ்சா வழக்கு தோத்தாலும் கோர்ட் விலங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்ல.

புரியுதா? நாப்பத்தொண்ணு சூளைக்குப் போகாம இருக்க வழி இருக்கு. ஆனா அதுக்கு அவ தாய்னு சொல்லணும். தாய்னு சொல்லணும்னா மகஜர் தப்புன்னு நான் எந்திரிச்சுச் சொல்லணும். எனக்கென்ன, நாலாவது வேலை போனா அஞ்சாவது. ஆனா மகஜரைப் புரட்டினா அடுத்த காகிதம் உன்னோடது.

அதனால நான் யோசிச்சுட்டேன். உன் சான்றிதழை நானே எழுதி, நானே உன் கையெழுத்தைப் போட்டேன்னு சொல்லிடறேன். உனக்கு ஒண்ணும் ஆகாது. சரின்னு ஒரு வரி போடு.

தம்பி


மார்ச் 17

டேய் முட்டாளே,

ஏழாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டாய். அப்பா பெயரிலேயே ஓர் எழுத்தை விட்டிருந்தாய். நீ என் கையெழுத்தைப் போட்டாய் என்று சொன்னால் நீதிபதி ஒரு காகிதத்தைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்வார். அத்தோடு உன் கதை முடிந்தது, என் கதையும் முடிந்தது. கள்ளக் கையெழுத்துக்கு எத்தனை வருடம் உள்ளே வைப்பார்கள் என்று அந்தப் புத்தகத்தில் பார்த்தாயா? அதில் இருக்காது. அது வேறு புத்தகம். அதையும் எந்த மேஜைக்கு அடியிலாவது தேடு.

நீ நல்லவன் என்று எனக்குத் தெரியும். நல்லவனாக இருக்கும்போதுதான் நீ வேலையை விடுவாய், படிப்பை விடுவாய். உன் கணக்கு வாத்தியார் ஒரு பையனை அடித்தார் என்று வகுப்பை விட்டு வெளியே வந்தாய். சரி. அந்தப் பையன் படித்து முடித்துவிட்டான். நீதான் வெளியே நிற்கிறாய்.

நான் ஒன்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். பிடிக்கிற பத்து விலங்கில் எட்டு அதே ஆளிடம்தான் திரும்பிப் போகும். சாட்சி வராது, காகிதம் வராது, இல்லை என்றால் விலங்கே அதற்குள் செத்துப்போகும். நாம்தான் சட்டத்தை வைத்துக்கொண்டு ஓடுகிறோம், அது நின்ற இடத்தில் நிற்கிறது. ஒரு கழுதைக்காக நாம் இருவரும் போய் விழ வேண்டியதில்லை. ஒரு கழுதைதானே.

27-ம் தேதி நீ வாயைத் திறக்காதே. இது அக்கா சொல்வது இல்லை. ஒரு டாக்டர் சொல்வது.

அக்கா


மார்ச் 20

அக்கா,

சரி.

திறக்கல. நீ படிக்க வெச்ச அக்கா, பீஸ் கட்டினவ, நான் காலேஜை விட்டப்போ வீட்டுல எல்லாரும் கத்தினப்போ நீ ஒருத்திதான் ‘சாப்பிட்டியாடா’ன்னு கேட்ட. உன்னை மாட்டிவிட்டுட்டு நான் கழுதையைக் காப்பாத்த மாட்டேன். அவ்வளவுதான், இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. 27-ம் தேதி, ‘நான் புதுசு, எனக்குத் தெரியாது’. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்துட்டேன். நல்லா வருது. முட்டாள் மூஞ்சி எனக்கு இயற்கையாவே இருக்கு, ஆதாரம் வேணும்னா அதையே இணைச்சுக்கலாம்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். குட்டி எப்படி இருக்குன்னு இனிமே கேட்டு எழுதாத. தாய்க்காரி முதுகுப் புண்ணு ஆறிடுச்சான்னும் கேக்காத. ஆறிடுச்சு. புதுத் தோல், ரோஸ் கலர்ல, தொட்டா சிலிர்க்கறா. 28-ம் தேதி அது மேலதான் கல்லு ஏறும்.

டாக்டர்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு. அக்காகிட்ட இல்ல.

தம்பி


மார்ச் 24

தம்பி,

தபால்காரர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார். அதனால் இதைப் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். குறுக்கே வந்து திட்டாமல் படி.

ஒவ்வொரு மாதமும் இங்கே ஒரு பதிவேடு வரும். முந்நூறு வரி, முந்நூறு ஆடு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நேரில் பரிசோதிக்கப்பட்டது’. பண்ணை உதவியாளர் எல்லாவற்றையும் நிரப்பிக் கொண்டுவந்து வைப்பார். நான் கடைசியில் ஒரு கையெழுத்து. உன் கடிதத்தைப் படித்த கையோடு நேற்றுக் காலை அதைத் திறந்தேன். பேனா ஓடவில்லை. பார்க்காமல் போட்டது அந்த ஒன்றுதான் என்று உனக்கு எழுதினேனே, அது பொய். மாதத்துக்கு முந்நூறு. அதைப் பொய் என்று நினைக்காத அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

பூட்ஸ் போட்டுக்கொண்டு பட்டிக்குப் போனேன். ஒவ்வொன்றாகப் பிடித்து, கண், பல், குளம்பு, மடி எல்லாம் பார்த்தேன். பகல் முழுக்க ஆனது. உதவியாளர் பயந்துபோய் என் பின்னாலேயே வந்து, “டாக்டரம்மா, உடம்பு ஏதும் சரியில்லையா?” என்றார். “ஆடுகளுக்கா, எனக்கா?” என்றேன். “உங்களுக்குத்தான்” என்றார். இருநூற்றுத் தொண்ணூற்று நான்குதான் இருந்தன. மீதி ஆறு எங்கே என்று கேட்டேன். போன வருடமே செத்துவிட்டனவாம். நான் இரண்டு மாதமாகச் செத்த ஆடுகளுக்குச் சுகம் என்று சான்றளித்திருக்கிறேன். நீயாவது உயிரோடு இருந்த கழுதையில்தான் தப்புச் செய்தாய்.

துறைக்கு எழுதிவிட்டேன். ஆட்டையும் எழுதினேன், கழுதையையும் எழுதினேன். நேற்று மாலைப் பால் வண்டியிலேயே போய்விட்டது, ஆகவே நீ தடுக்க முடியாது. 27-ம் தேதி கோர்ட்டுக்கு நேராக வருகிறேன். கழுதையைக் குட்டியோடு அங்கே கொண்டுவர ஆய்வாளரிடம் சொல். மாட்டேன் என்றால், வழக்குச் சொத்தைக் கேட்கும்போது ஆஜர்படுத்தாதது தனிக் குற்றம் என்று சொல். பிரிவு எண் எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. குரலை உயர்த்திச் சொன்னால் போதும்.

‘ஒரு கழுதைதானே’ என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

அக்கா


மார்ச் 27, கோர்ட் வராந்தா

அக்கா,

நீ உள்ள கூண்டுல நிக்கற, நான் வெளில பெஞ்சுல. ஒரு சாட்சி பேசும்போது அடுத்த சாட்சி கேக்கக்கூடாதாம். வைக்கோல் ரசீதுக்குப் பின்பக்கம் எழுதறேன். நேர்ல சொன்னா நீ ‘சரி சரி’ன்னு வாயை அடைச்சுடுவ, அதான்.

காலைல வந்து இறங்கின. என்னை ஒரு பார்வை பார்க்கல. நேரா கழுதை வந்த வண்டிகிட்ட போய், புடவையைத் தூக்கிச் செருகி, வாலைத் தூக்கிப் பார்த்துட்டு, “பெண்”ன்னு ஒரு வார்த்தை. அதுக்கப்புறம்தான் என்னைப் பார்த்து, “இளைச்சுட்டியேடா”ன்ன. ஆய்வாளர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைச்சார். அழுதாரா, பயமான்னு தெரியல.

நீ கை கழுவப் போயிருந்தப்போ நடந்ததை முழுசா யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. மகஜர்ல ஆண், வண்டில பெண், அதுவும் குட்டியோடன்னு வக்கீல் ஒரே ஆட்டம். நீதிபதி பேனாவை மூடிட்டு, “நானே பார்க்கறேன்”னு முற்றத்துக்கு வந்துட்டார். நாப்பத்தொண்ணு நிக்கறா, குட்டி அடில புகுந்து முட்டி முட்டிப் பால் குடிக்குது. நீதிபதி ரெண்டு நிமிஷம் அதையே பார்த்தார். “எழுதிக்குங்க, பெண்”ன்னார். அப்புறம் பொதுவா, “இந்தக் குட்டி யாருக்குச் சேரும்?”னு கேட்டார். ஆய்வாளர் முந்திக்கிட்டு, “எங்க காவல்ல பொறந்தது, அரசாங்கத்துக்குத்தான்”னார்.

செங்கல்காரருக்கு வந்துச்சு பாரு கோபம்.

“அதெப்படிங்க? அது என் குட்டி! ஏத்தும்போதே வயித்துல இருந்துச்சு. பத்து மாசச் சினை, எனக்குத் தெரியாதா?”

வக்கீல் அவர் கையைப் பிடிச்சு இழுக்கறார். அவர் உதறறார்.

நீதிபதி ரொம்ப மெதுவா, “என்ன ஏத்தும்போது?”ன்னார்.

“கல்லுங்க.”

வக்கீல் அப்படியே வேப்பமரத்துல சாஞ்சுட்டார். பால் மறக்கற வரைக்கும் தாயும் குட்டியும் ஒண்ணாவே இருக்கணும், சூளைக்குப் போகக்கூடாது, மீதியைத் தீர்ப்புல பார்க்கலாம்னு உடனே உத்தரவு. இதெல்லாம் முடிஞ்சு நீ வந்தப்போ ஆய்வாளர் உன் காதுல கிசுகிசுத்தாரே, என்னன்னு எனக்குக் கேட்டுச்சு: “டாக்டரம்மா, கழுதை பிழைச்சுடுச்சு. சான்றிதழைப் பத்தி இனிமே யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க அடுத்த பஸ்ஸைப் பிடிங்க.”

நீ பிடிக்கல. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உள்ள போயிட்ட.

அக்கா, என் சட்டைப் பையில ஒரு காகிதம் இருந்துச்சு. எல்லாம் என் தப்பு, அக்கா நேர்ல வந்து பார்த்துத்தான் எழுதினா, நான்தான் வேற கழுதையைக் காட்டிட்டேன்னு ஒரு புதுப் பொய். ரெண்டு நாளா உக்காந்து எழுதினது, நல்லாவே வந்திருந்துச்சு. உன் குரல் ஜன்னல் வழியா இங்க வரைக்கும் கேக்குது. கேக்கக்கூடாதுன்னா நீ மெதுவாப் பேசணும். முந்நூறு ஆட்டை எண்ணின தொண்டை. “போட்டோவைப் பார்த்துத்தான் எழுதினேன்”ன்ன. வக்கீல், “தம்பிக்காகவா?”ன்னு கேட்டார். “இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அதற்காக”ன்ன. அக்கா, அன்னிக்கு பஸ்ஸுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருந்துச்சு.

அந்தக் காகிதத்தைக் குட்டிக்குக் கொடுத்தேன். அது மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கிச்சு. தாய்க்காரிதான் தின்னா.

நாளைலருந்து வேலைக்கு வர வேண்டாம்னு ஆய்வாளர் சொல்லிட்டார். அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பி வந்து, தண்ணி காட்ட வேற ஆள் கிடைக்கற வரைக்கும் மட்டும் வான்னார். ஆள் எப்போ கிடைக்கும்னு கேட்டேன், மேலிடத்துக்கு மூணு பிரதில எழுதணும்னார். அப்போ இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. உன் பதிவை ரத்து பண்ணினா நீயும் இங்க வந்துடு. கொட்டகை பெருசு, உன்னை வெச்சுச் சோறு போடறது இனிமே என் பொறுப்பு. சிரிக்காத, நிஜமாத்தான் சொல்றேன்.

நீ வெளில வர்ற. கண்ணாடியைக் கழட்டித் துடைக்கற, என்னைத் தேடற. டவாலி என் பேரைக் கத்தறார், ரெண்டாவது தடவை. போகணுங்க்கா, நான் போறேன்